சமையலறைக்குத் தெரியாத சொல்

குமரகுருபரன் வீட்டுக் கணினி, அவருக்குப் பதிலாக அவர் மகளிடம் தினமும் பேச ஒப்புக்கொண்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் அந்தக் குடியிருப்பில் பல வீடுகளில் கணினிதான் சித்தப்பாக்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அது துக்கம் விசாரிக்கவும் போய் வந்தது. வந்ததும் வாசலிலேயே தலை முழுகியது.

ஆனால் வேலையை ஏற்றுக்கொள்வதற்கு முன் கடவுச்சொல் வேண்டும் என்றது. குமரகுருபரனிடம் கடவுச்சொல் இல்லை.

இப்படியும் ஒரு மனுஷர். வாங்கிய நாளிலிருந்து கணினி அவர் பெயரைக் காட்டும். இவர் எதையும் அடிக்காமல் பொத்தானை மட்டும் தட்டுவார். உள்ளே விட்டுவிடும். நம் வீட்டில் வந்து யார் திருடப் போகிறார்கள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். திருடும்படி என்ன வைத்திருந்தார் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

மகள் உலகம்மை நாக்பூரில் வேலை பார்த்தாள். அவள் போன் செய்தால் குமரகுருபரன்தான் எடுப்பார். "சாப்ட்டியா? இந்தா, அம்மாட்ட குடுக்கேன்" என்பார். போன் கைமாறிவிடும். அவள் படிப்பு, வேலை, ஒரு டெங்கு காய்ச்சல், ஒரு கல்யாணப் பேச்சு, அது முறிந்துபோனது, எல்லாமே இந்த ஒரே வரியில் முடிந்தன. ஊரில் பாதி அப்பாக்கள் இப்படித்தான் என்று அவருக்குப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. ஊரில் பாதிப் பேர் நடைபாதையில் எச்சிலும்தான் துப்புகிறார்கள்.

போன வாரம் உலகம்மை கறாராகச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றுவதற்குள் அப்பா தானாகக் கூப்பிட வேண்டும். அம்மாவிடம் கொடுக்காமல் பேச வேண்டும். இல்லையென்றால் இனி அந்த வீட்டு அழைப்பை அவள் எடுக்கவே மாட்டாள். சொன்னால் செய்கிறவள், அழுத்தக்காரி. மனைவி கோமதியும் கையை விரித்துவிட்டாள். போனைத் தன்னிடம் நீட்டினால் வாங்கமாட்டேன் என்றாள்.

இன்றுதான் அந்த ஞாயிறு. போன் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. சார்ஜும் இருந்தது. அதை எடுத்து மகளைக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரிய மூளைக்காரர் அல்லவா, கணினியில் ஒரு தினசரிப் பணியை ஏற்பாடு செய்யக் கிளம்பினார்.

கிளம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கூடம் நீண்டுகொண்டே போனது. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் கணினி மங்கலாகத் தெரிந்தது. கோமதி வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். டிவியைத் தாண்டியதும் ஒரு நிழலில் உட்கார்ந்து தின்றார். இலையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார். அந்தப் புத்தி எங்கே போகும்.

பணிக்கு மகள் என்று பெயர் வைத்தார். நேரம் சாயங்காலம் என்றார். கணினி இரண்டு வழி காட்டியது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் மட்டும் செய்வது ஒன்று. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்வது இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். உடனே திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்று கடவுச்சொல் கேட்டது.

வழக்கம்போல எதையும் அடிக்காமல் தட்டினார். பெட்டி மறைந்து திரும்ப வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி வந்தது. இந்த முறை கொஞ்சம் பெரிதாக, கொசுவலை அடித்த கதவோடு வந்தது.

கணினி மேசைக்கு அடியில் தாவீது சார் இருந்தார். மாடி வீட்டுக்காரர். போன மழைக்காலத்தில் அவர் யு.பி.எஸ். ஆகிவிட்டார். மாடியில் இடம் போதவில்லை என்று அவர் மனைவி இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். மின்சாரம் போனால் கீச்சிடுவார். மற்றபடி தன்மையான ஆள்.

"வெறுமன தட்டுனா செய்யாதுவே" என்றார் தாவீது சார். "கடவுச்சொல் இல்லாத ஆள அது ஆளாவே எடுத்துக்கிடாது."

வாசலில் மட்டும் விடுகிறதே என்று குமரகுருபரன் நியாயம் கேட்டார்.

"வாசல்ல யாரையும் விடும். ஒம்ம பேர்ல ஒரு வேல செய்யச் சொன்னாத்தான் நீரு யாருன்னு கேக்கும்."

சரி, புதிதாக ஒன்று வைத்துக்கொள்வோம் என்று மகள் பிறந்த நாளை அடித்தார். அது ஆவணி இல்லை, புரட்டாசி என்று சமையலறையிலிருந்து கோமதி திருத்தினாள். திருத்தி அடித்தார். அந்தச் சொல் சமையலறைக்குத் தெரியும் என்று பெட்டி எழுதிக் காட்டியது. நெல்லையப்பர் பெயரை அடித்தார். அது ஊருக்கே தெரியும் என்றது. சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரை அடித்தார். அது பால்காரருக்கும் தெரியும் என்றது. வாசலில் நின்ற பால்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். கடைசியில் ஒன்று இரண்டு மூன்று சேர்த்துப் பார்த்தார். அதற்குக் கணினி பதிலே சொல்லவில்லை. உள்ளே இருந்த விசிறி மட்டும் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

ஆக, அவரிடம் கடவுச்சொல் மட்டுமா இல்லை, ரகசியமே இல்லை. பேரன் எடுக்கிற வயதில், தனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒரு கடுகு அளவுக்குக்கூட இல்லை. மனுஷர் அப்படி ஒன்றும் திறந்த மனசுக்காரரும் இல்லை. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ரகசியம் ஒன்றைத் தயார் செய்யக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அங்கே நின்று எதையாவது நினைக்கப் பார்த்தார். என்ன நினைக்கிறீர்கள் என்று கோமதி கதவைத் தட்டினாள். வெளியே வந்து, சர்க்கரை வியாதிக்காரர், டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டார். வாயை மூடுவதற்குள் எதிர் வீடு, பக்கத்து வீடு, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்தனுப்பினார்.

பொழுது சாய்ந்தது. கோமதி தீப்பெட்டியைத் தேடும் சத்தம் கேட்டது. குமரகுருபரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் இனி எடுக்கவே மாட்டாள் என்ற பயம் இப்போதுதான் வந்தது. வந்த பயத்திலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"யாருட்டயும் சொல்லாதது ஒண்ணு இருக்கும்லா" என்றார் தாவீது சார். "ஒமக்கே சொல்லிக்கிடாதது. அத அடியும்."

குமரகுருபரன் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு அடித்தார். மகளிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

சமையலறையில் சத்தம் இல்லை. பால்காரர் வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் பச்சைக் கோடு ஓடியது. மிகவும் வலுவான கடவுச்சொல் என்று பாராட்டியது. உறுதிப்படுத்த இன்னொரு முறை அடிக்கச் சொன்னது. முதல் தடவையாவது விரல் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாம் தடவை சரளமாக அடித்தார். த்தூ.

நான் பார்க்கவில்லை என்றார் தாவீது சார். அவரை யாரும் கேட்கவில்லை.

பெட்டி மறைந்தது. அப்பாடா என்று குமரகுருபரன் எழுந்து, காப்பி குடிக்கலாம் என்று சாப்பாட்டு மேசையைப் பார்த்து நடந்தார். பின்னால் கணினி தொண்டையைச் செருமியது. அவருடைய செருமல்தான். மகளுக்குப் போன் மணி அடித்தது. உலகம்மை உடனே எடுத்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

"சாப்ட்டியாம்மா?" என்றது கணினி.

"சாப்ட்டேம்ப்பா."

இந்தா, அம்மாட்ட குடுக்கேன் என்று நடந்துகொண்டே குமரகுருபரனின் உதடுகள் அசைந்தன. கணினி அப்படிச் சொல்லவில்லை.

"என்ன சாப்ட்ட?" என்று கேட்டது.

"ஒண்ணும் சாப்பிடலப்பா" என்றாள் உலகம்மை. அப்புறம் அழுதாள்.

கணினி அவசரப்படவில்லை. அப்புறம் என்றது. அவள் சொன்னாள். வேலை போய்விட்டது. போய் ரொம்ப நாளாகிறது. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரை பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் ஒடிந்துபோவாள். அப்பாவிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். அதற்குள் போன் கைமாறிவிடும்.

குமரகுருபரன் நின்றுவிட்டார். பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். பெற்றவர் வெல்லம் தின்றிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் மகளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. திரும்பி ஓடினார். கூடம் இன்னும் நீண்டது. செருப்பு ஒன்று கழன்றது. தன் புளியோதரை இலையிலேயே வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்.

அவர் பாதி வழியில் இருக்கும்போது கணினி அதைச் சொல்லிவிட்டது.

"கெளம்பி வீட்டுக்கு வந்துரும்மா. அப்பா இருக்கேன்லா."

"வாரேம்ப்பா" என்றாள் உலகம்மை. அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது.

மூச்சு வாங்க மேசையருகே வந்து சேர்ந்தார். விளக்கேற்றியாகிவிட்டது. கோமதி கணினிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் வருகிற மரியாதைதான் இருந்தது. எழுந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உக்காருங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "அவ அப்பா மகட்ட பேசிட்டிருக்காங்க. முடிச்சதும் சொல்லுதேன்."

குமரகுருபரன் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பேசட்டும்மா" என்றார். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.