ஈயம் பூசிய மட்டைகள்

எர்னஸ்டுக்கு ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதோடு நிறுத்தத் தெரியாது. வெற்றிலை வாங்கி வரச் சொன்னால் கொடிக்காலையே விலை பேசிவிட்டு வருகிற ஆள். சித்தூரில் மராமத்து இலாகா இன்ஜினீயர் நாகேந்திரனிடம் ஆர்டர்லியாக இருந்தான். பூட்ஸைத் துடை என்று அவர் சொன்னால் அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் போட்டுவிடுவான். அவர் மொசைக் தரையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு அந்த வருஷம் மார்ச் மாதம் தூக்கமே இல்லை. ஆந்திராவும் மெட்ராசும் எல்லையைப் பேசி முடித்துவிட்டன. பாகப்பிரிவினையில் அம்மி அண்ணன் வீட்டுக்கும் குழவி தம்பி வீட்டுக்கும் போவது உண்டல்லவா, அந்தக் கதைதான் எர்னஸ்டுக்கும் நடந்தது. அவன் மனைவி கிருபாபாய் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரம்மா. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் மெட்ராஸ் ராஜ்யம். சித்தூரும் எர்னஸ்டின் உத்தியோகமும் ஆந்திரா. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்து, திங்கட்கிழமை காலையில் போகிற பெண்டாட்டி, இனி வேறு ராஜ்யத்துச் சிப்பந்தி. சித்தூருக்கு மாற்றல் கேட்கக்கூட அங்கே ஆள் இருக்காது. தெற்கே எங்கேயாவது தூக்கிப் போட்டுவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. சித்தூர்ப் பெண்கள் பள்ளியில் ஒரு தமிழ் டீச்சர் இடம் காலியாகக் கிடந்தது. பள்ளிப்பட்டும் சித்தூர் ஜில்லாவில் இருக்கும்போதே, மாதம் முடிவதற்குள் கல்வி அதிகாரி கிருஷ்ணப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் கிருபாபாய் இந்தப் பக்கம் வந்துவிடுவாள். அந்தக் கிருஷ்ணப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாகேந்திரனோடு கோல்ஃப் ஆடுகிறவர். தெய்வமே கொண்டுவந்து சேர்த்த இடம் என்று எர்னஸ்ட் நினைத்தான்.

ஊருக்கு வெளியே வற்றிப்போன ஏரியில் ஒன்பது குழி தோண்டி, குழியைச் சுற்றி மணல் கொட்டி, அதற்கு மைதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னப் பந்தை மட்டையால் அடித்து அடித்துக் குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடியில் தள்ளியவருக்கு அந்தக் குழி ஜெயம். சீமைக்குப் போன வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் விட்டுப்போன மட்டைகள் நாகேந்திரனிடம் இருந்தன. கிருஷ்ணப்பாவின் மட்டைகள் பெங்களூர்ச் சந்தைச் சரக்கு. வாராவாரம் ஜெயிப்பது நாகேந்திரன்தான்.

ஜெயித்தால் ஜெயித்தோம் என்று வீட்டுக்குப் போகிற மனுஷரா அவர்? ஏரிக்கரையில் நாற்காலி போட்டு டீ குடித்தபடி, கிருஷ்ணப்பா அடித்த ஒவ்வொரு கோணல் அடியையும் எழுந்து நின்று ஆடிக் காட்டுவார். அதன் பிறகு, எதிராளியின் முகம் கத்தரிக்காயாகச் சுருங்கியிருக்கும் வேளை பார்த்து, நம்ம எர்னஸ்ட் சம்சாரத்துக்கு அந்த இடத்தைப் போட்டுக் கொடுங்கள் என்பார். கிருஷ்ணப்பா பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே தன் சைக்கிளை எடுப்பார். நாலு வாரமாக இதுவே நடந்தது.

கிருபாபாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. “தோத்துட்டு நொந்துக்கினு இருக்கற மனுஷன்கிட்ட ஜெயிச்சவரு போய்க் கேட்டா காரியம் ஆவுமா?” என்று கேட்டாள்.

“கொஞ்சமா ஜெயிச்சா ஆவாது. ஒம்போது குழியும் ஜெயிச்சுக் காட்டணும். அப்போ மனுஷன் அரண்டுபோய்க் கையெழுத்து போட்ருவாரு” என்றான் எர்னஸ்ட்.

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவனுக்கோ வழி தெரிந்துவிட்ட சந்தோஷம். இனி நாகேந்திரன் ஐயாவை ஒன்பது குழியும் ஜெயிக்க வைப்பதுதான் பாக்கி.

அதற்கும் அந்த வாரமே வாய்ப்பு வந்தது. நாகேந்திரன் மட்டைப் பையை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தார். இரும்பு மட்டையின் முகத்தில் கோடுகோடாக இருக்கிறது பார், அதற்குள்தான் ஏரி வண்டல் போய் அடைத்துக்கொள்கிறது, மண் அடைத்த மட்டை பந்தைப் பிடிக்காது, மட்டை சுத்தமாக இருந்தால் பாதி ஆட்டம் ஜெயித்த மாதிரி, அந்தக் கோட்டில் ஒரு துளி மண் தங்கக் கூடாது, தெரிந்ததா என்றார். எர்னஸ்ட் தெரிந்தது என்றான். அங்கேதான் வினை.

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தான். புளி போட்டுத் தேய்த்தான். சாம்பல் போட்டான். கோட்டின் மூலையில் கறுப்பு இருந்துகொண்டே இருந்தது. மட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து யோசித்தான். வருஷக்கணக்காகக் கல்லிலும் மண்ணிலும் இடித்து இரும்பு கீறிப்போயிருக்கிறது. கீறல் இருக்கிற வரைக்கும் அழுக்கு வரத்தானே செய்யும்? எல்லா மட்டையிலும் ஒரே மாதிரி, வரிசையாகக் கீறல் விழுமா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. வெள்ளைக்காரன் ஆயிற்றே, இடிப்பதையும் வரிசையாகத்தான் இடிப்பான் என்று அதை உட்கார வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்தா ஈயம் பூசுகிற துலுக்காணம் தெருவில் வர வேண்டும்? தோளில் துருத்தியும் கையில் கரிக்கூடையுமாக, பாத்திரத்துக்கு ஈயம் பூசலையா என்று கூவிக்கொண்டு போனார். எர்னஸ்ட் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். இது என்ன பாத்திரம், எதில் ஊற்றிக் குடிப்பது என்று துலுக்காணம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பூசச் சொன்னால் பூசுகிறேன் என்று கொல்லையில் பள்ளம் தோண்டிக் கரியைப் பற்றவைத்தார். மட்டைத் தலையைச் சூடுகாட்டி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கி, பழந்துணியால் ஒரு இழுப்பு. ஒரு கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை. இரும்பு மட்டை அத்தனையும் கல்யாண வீட்டுப் பாயசப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. மண் தங்க இடமே இல்லாமல் செய்துவிட்ட திருப்தியில் எர்னஸ்ட் அவற்றுக்குப் பழைய காலுறைகளை மாட்டிப் பையில் வைத்தான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் முதல் காலுறையைக் கழற்றியதும் வெயில் பட்டு நாகேந்திரனின் கண் கூசியது. வெள்ளி மாதிரி இருக்கிறதே என்று எர்னஸ்டின் முதுகில் தட்டிவிட்டு, கிருஷ்ணப்பாவைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். ஓங்கி அடித்தார்.

பந்து மேலே எழும்பவில்லை. எண்ணெய்க் கையில் சிக்கிய நுங்கு போல மட்டையிலிருந்து வழுக்கி, தரையோடு ஓடி, கருவேல முள்ளுக்குள் போய் உட்கார்ந்தது. நாகேந்திரன் காற்றைத் திட்டினார். அடுத்த அடியும் அப்படியே. காலையில் தின்ற பொங்கலைத் திட்டினார். அடுத்ததற்குப் பந்து செய்த கம்பெனியைத் திட்டினார். மணல் திட்டில் விழுந்து நிற்க வேண்டிய பந்து திட்டைத் தாண்டி ஓடி, அங்கே மேய்ந்துகொண்டிருந்த எருமையின் காலடியில் நின்றது. எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போயிற்று. கிருஷ்ணப்பாவோ ஒவ்வொரு குழி ஜெயிக்கும்போதும் வடகிழக்கே திரும்பி ஒரு கும்பிடு மட்டும் போட்டுக்கொண்டார்.

எர்னஸ்ட் விரல்விட்டு எண்ணினான். ஒன்பது குழியும் ஒருவரே ஜெயித்ததென்னவோ உண்மைதான். ஆள்தான் மாறிவிட்டது.

கடைசியில் நாகேந்திரன் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் அவருடைய மீசை தெளிவாகத் தெரிந்தது. கோடுகளை மட்டும் காணோம்.

“கோடெல்லாம் எங்கடா?”

“மூடிட்டேங்கய்யா. கோடு இருந்தாத்தானே மண்ணு தங்கும்?”

நாகேந்திரன் மட்டையைக் கீழே போட்டார். கிருஷ்ணப்பாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். இந்த மனுஷரை ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டால் திருப்பதிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம்.

“ஏமய்யா எர்னஸ்டு, உன் பெண்டாட்டி விஷயம் ஏதோ அடிக்கடி காதுல விழுதே. ஏமி அது? நீயே சொல்லு” என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

எர்னஸ்ட் கைகட்டி முன்னால் வந்து நின்றான். “டீச்சருங்க. தமிழ் சொல்லிக் குடுக்குது. ஒண்ணாந் தேதி வந்துட்டா அது ஒரு ராஜ்யம், நான் ஒரு ராஜ்யம். ரெண்டு பேரும் இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் குடும்பம் பண்ணிக்கினு இருக்கோம். அதுவும் போயிடும் சார்.”

கிருஷ்ணப்பாவின் சிரிப்பு நின்றது. நாலு வாரமாக இந்த மனுஷனுடைய வாழ்க்கையை டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தோமே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அதை அவர் மறைக்கவும் இல்லை. தப்புதான்யா என்று சொன்னார். திங்கட்கிழமை திருப்பதி போனார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

உத்தரவை வாங்க வந்த எர்னஸ்டைப் பக்கத்தில் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். இப்போதைக்கு இது தற்காலிகம்தான், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு நிரந்தரமாக்கலாம் என்றார். அத்தோடு, உங்கள் ஐயாவின் மட்டைகள் ரொம்ப அழகாக இருந்தன, அவற்றை அப்படியே விட்டுவைத்தால் நல்லது என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

நாகேந்திரன் சொன்னதோ வேறு. முதலில் எர்னஸ்டை எங்கோ ஜில்லா மூலையில் கிடக்கும் குடுபல்லிக்கு மாற்றிவிடுகிறேன் என்று குதித்தார். அவனைப் போலக் காபி கலக்க வேறு ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் தண்டனையைக் குறைத்தார். இனி மட்டையை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கோணி ஊசியை வைத்து ஒவ்வொரு கோடாக ஈயத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். முழுசாக எடுத்த பிறகுதான் அவர் கிருஷ்ணப்பாவின் முகத்தில் விழிப்பார், ஏரிப் பக்கம் ஆடப் போவார்.

கிருபாபாய் தகரப் பெட்டியும் படுக்கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, எர்னஸ்ட் கொல்லையில் மட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் திங்கட்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று வந்தவள் அவள். அவளைக் கண்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மட்டைகளைப் பார்த்தாள், அவன் கையில் ஊசி பறக்கிற வேகத்தைப் பார்த்தாள்.

“நிரந்தரம் எப்போன்னாரு?”

“ஜூன்ல.”

அவன் கையிலிருந்த ஊசியை வாங்கி கொண்டை ஊசி போலத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“அப்போ மொதல்ல துன்னுங்க. அதுக்கப்புறம் மெதுவா சொரண்டலாம்.”