துரைக்கண்ணு வீட்டு ஜெனரேட்டர்

மழை விட்ட காலையில் ஜெனரேட்டர் நின்றுபோனது. வண்டி சீட்டில் முடங்கிக் கிடந்த சவுரிராயன் பதறி எழுந்து வெளியே வந்தான்.

அவன் திண்டிவனத்துக்காரன். விழுப்புரத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில் ஏழு வருடமாக வேலை. சாவு வீட்டில் பெட்டியை இறக்குவான், பிளக்கைச் சொருகுவான், கிளம்பிவிடுவான். பிணம் எடுத்த பிறகு வந்து ஏற்றிக்கொண்டு போவான். எல்லா வீட்டிலும் அவன் ஐஸ் பெட்டிக்காரன், அவ்வளவுதான்.

இந்த முறை மாட்டிக்கொண்டான். திருவெண்ணெய்நல்லூருக்கு அப்பால் இருந்த அந்த ஊருக்குப் புயலன்று மதியம் வந்து சேர்ந்தான். பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் பெண்ணையாற்று வெள்ளம் பின்னால் சாலையை அறுத்துவிட்டது. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. வண்டியில் கொண்டுவந்திருந்த ஜெனரேட்டரை வாசலில் இறக்கிப் பெட்டியை அதில் ஓட்டினான். தெருச்சனமெல்லாம் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்விட்டார்கள். மேட்டு மனையில் இருந்த அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். பெட்டிக்குள் துரைக்கண்ணு, பக்கத்தில் அவர் மனைவி சின்னபொண்ணு, வாசலில் சவுரிராயன்.

மகன் புகழேந்தி கத்தாரில் விமானம் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. அதோடு போன் டவரும் போய்விட்டது. அவன் வந்து முகம் பார்க்கும்வரை பெட்டி குளிர்ந்தாக வேண்டும்.

சவுரிராயன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். இன்ஜின் உருண்டதே தவிரப் பிடிக்கவில்லை. புகைக்குழாயில் ஒரு துளிப் புகைகூட இல்லை. டீசல் எரிந்தால்தானே புகை வரும். டேங்கைத் தட்டிப் பார்த்தான். முக்கால்வாசி இருந்தது. ஆக, இருக்கிற டீசல் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை.

ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தினான். நான்கு சொட்டு வந்து நின்றது. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று கழற்றினான். அடியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. கொட்டிவிட்டு, வண்டியிலிருந்த கேனில் கொஞ்சம் டீசல் எடுத்து அலசி மாட்டினான். மறுபடியும் நான்கு சொட்டுதான். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை உருவினான். வாய் வைத்து ஊதியதில் அடைப்பு ஒன்றும் தெரியவில்லை. நாக்கெல்லாம் டீசல்.

அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. உள்ளே பெட்டியின் கண்ணாடியில் வேர்வை போல நீர் கோத்திருந்தது. சின்னபொண்ணு முந்தானையால் அதைத் துடைத்தாள். மறுபடியும் கோத்தது, மறுபடியும் துடைத்தாள். அவள் அழுது அவன் பார்க்கவில்லை. சேர்ந்து அழ யாராவது வேண்டும்போலும் என்று அவனுக்குத் தோன்றியது. நான்கு வருடம் முன்பு அவன் மனைவி அன்புச்செல்வி செத்துப்போனபோது அவன் வீட்டில் நூறு பேர் இருந்தார்கள். எட்டாம் நாள் திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை.

குழாயை மாட்டப் போனபோதுதான் டேங்க் மூடி கண்ணில் பட்டது. மழை இறங்கக்கூடாதென்று முந்தின நாள் அவனே பாலிதீன் பையைச் சுற்றி, நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை உண்டு. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும். அதை அடைத்தது அவன் கைதான். நூலை அறுத்ததும் டேங்க் புஸ்ஸென்று மூச்சு இழுத்தது. குழாயிலிருந்து டீசல் கொட்டிக் கையை நனைத்தது.

ஆனால் அதற்குள் உள்குழாயில் காற்று ஏறியிருந்தது. ஃபில்டரிலும் பம்பிலும் திருகைத் தளர்த்தி வெளியேற்றினான். கடைசியாக, இன்ஜின் தலையில் இருக்கும் நட்டைத் தளர்த்திவிட்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி அவன் தோள் வேறு கழன்றுவிடும்போல் இருந்தது. வாசற்படியில் நின்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான்.

சின்னபொண்ணு எழுந்து வந்தாள். புடவையைச் சொருகிக்கொண்டு ஈரத்தில் குந்தினாள்.

"நான் சுத்திக்கினே இருக்கேம்மா. இந்த நட்டுல முதல்ல நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் பீச்சியடிச்சா சொல்லுங்க" என்றான்.

அவன் சுற்றினான். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நுரைதான் வருது... இன்னும் நுரைதான்... தம்பி, இப்ப டீசல் அடிக்குது."

அவன் ஸ்பேனரால் நட்டை இறுக்கினான். சின்ன லீவர் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தான் சொன்னதும் விட்டுவிட வேண்டும் என்றான். மூச்சைப் பிடித்து வேகமாகச் சுற்றி, விடுங்க என்றான். இன்ஜின் இரண்டு தரம் இருமியது, கரும்புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் துணியால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான். அழுது முடித்ததும் அவன் பேரைக் கேட்டாள். சொன்னான். வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டாள். யாருமில்லை என்றான். வண்டியிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபோது இரண்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் புகழேந்தி முழங்கால் சேற்றோடு நடந்தே வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். மதியத்துக்குள் பாடை கட்டித் தூக்கிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் பின்னாலேயே போனார்கள். வந்த பெண்களும் தங்கள் தங்கள் வீட்டுச் சேற்றை வாரக் கிளம்பினார்கள்.

சாலையில் மண் கொட்டிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதால் சவுரிராயன் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் துடைத்து வைத்தான். ஜெனரேட்டரை நிறுத்த லீவரில் கை வைத்தான். சின்னபொண்ணு வாசலுக்கு வந்தாள்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் தம்பி. நிறுத்துனா வீடு கம்முனு ஆயிடும்."

அவன் கையை எடுத்துவிட்டான். டேங்கில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. வற்றவிட்டால் மறுபடியும் காற்று ஏறும், அடுத்த ஊரில் தனியாக அத்தனையையும் கழற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் படியோரம் உட்கார்ந்தான். அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். எதையும் ஓட்டாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி கழித்து அது தடுமாறி, இழுத்து, நின்றது.

 பிறகு அவள் வீட்டைக் கழுவிவிடக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.