சேர்க்க வேண்டிய புள்ளி மூன்று

"மாமா, அப்பா அம்மாவ அடிக்கிறப்ப மட்டும் நீ ஏன் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிடுறே?" என்று அக்கா மகள் அவனிடம் கேட்டு ஒரு வருஷம் இருக்கும், ஆறு வயசு, விழுந்த பல்லின் சந்து வழியாகக் காற்று சீறக் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ள... இன்றைக்கு ஆய்வறையில் நின்று ஆக்சிஜன் மீட்டரைப் பார்க்கிறபோதும் அந்தச் சீறல் காதுக்குள். தொட்டிக்குள் ஆக்சிஜன் ஏழு புள்ளி எட்டு சதவீதம். எட்டுக்குக் கீழே என்றால் கரைப்பான் தொட்டியின் கலக்கியை ஓட்டலாம், தாண்டினால் கலக்கி கிளப்பும் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். ஏழு புள்ளி எட்டு என்பது பொய் என்று இந்த ஆலையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மீட்டருக்குப் பூஜ்யம் வைத்தது நைட்ரஜனில். நைட்ரஜன் லாரி வராததால் காலையிலிருந்து ஆக்சிஜனை வெளியே தள்ளத் தொட்டியில் நிரப்பியிருப்பது கரியமில வாயு. மீட்டருக்குள் இருக்கும் காந்தம் ஆக்சிஜனை இழுக்கும், கரியமில வாயுவைக் கொஞ்சம் தள்ளும், அந்தத் தள்ளலில் எண் குறைந்து காட்டும், புள்ளி மூன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தால் எட்டு புள்ளி ஒன்று. சேர்க்காவிட்டால்...

சேர்க்காவிட்டால் யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்கு அப்பால், தொட்டி மேடையில் தன்னந்தனியாக நிற்பது அக்கா புருஷன். அந்தக் கைதான், இப்போது கம்பியில் தாளம் போடுகிற கை, ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதிய கை, ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது மோதலுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது, காதிலிருந்து ரத்தம், அவன் செருப்பை மாட்டுவதற்குள். கேட்டவர்களிடமெல்லாம் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள் அக்கா. எந்தக் கதவு அக்கா, எத்தனை கதவு? தொட்டி மூடி பிய்த்துக்கொண்டு பறக்கட்டும், அந்தக் கை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், சட்டையோடு தோல் உரிந்து... கடவுளே, இதென்ன நினைப்பு. வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம், அப்படியென்றால் கொன்றதாகவும் ஆகாது, இல்லையா? ஆகும். உள்ளே ஒருத்தன் ஆகும் ஆகும் என்கிறான்.

இன்டர்காம் கரகரத்தது. "என்ன மாப்ள, மிஷினு தூங்குதா, நீ தூங்குறியா? சொல்லித் தொலைடா, கலக்கிய போடணும்."

மாப்ள. அந்த நாளும் இப்படித்தான் கூப்பிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலியென்று நினைத்து அவன் தொட்டிக்குள் இறங்க, மிச்சமிருந்த நைட்ரஜனில் இரண்டு மூச்சு, கால் மடங்கிவிட்டது. முகமூடி வரட்டும், இறங்காதே என்று எல்லாரும் கத்த, இந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தார், தோளில் போட்டு ஏணியேறினார், வெளியே கிடத்தி ஓங்கி ஓர் அறை விட்டார். "செத்துத் தொலைச்சேன்னா உங்கக்காவுக்கு எவன்டா பதில் சொல்றது?" சொல்லிவிட்டு அழுதார். அழுத முகமும் அதேதான், அடிக்கிற முகமும் அதேதான், கடவுள் ஏன் ஒரே ஆளில் இரண்டையும் வைத்தார்? அன்றைக்கு அடைத்ததுதான் அவன் வாய். உயிர் கொடுத்தவரை எப்படிக் கேட்பது என்று செருப்பை மாட்டினான், ஒவ்வொரு தடவையும் மாட்டினான்.

புள்ளி மூன்றைச் சேர்த்து அழுத்தினான். எட்டு புள்ளி ஒன்று. சிவப்பு விளக்கு எரிந்தது, கலக்கி ஓடாதபடி பூட்டு விழுந்தது.

"எட்டு தாண்டிடுச்சு அத்தான். கீழ வாங்க, இன்னும் கேஸ் விடணும்."

"போடா, உன்னோட இதே ரோதனை."

திட்டிக்கொண்டே, ஏதோ பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கிப் போனார், ஒன்றும் தெரியாமல். அறையில் வேறு யாரும் இல்லை. அன்று தூக்கி வந்தவரை இன்று இறக்கிவிட்டாயிற்று, அவருக்குப் பட்ட கடன் தீர்ந்தது. அப்படியானால் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்று, இனிமேல் கை வைக்காதே என்று சொல்ல எதுவும் தடையில்லை... இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தது நன்றிதானென்றால், இப்போது ஏன் இன்னும் கால் செருப்பைத் தேடுகிறது?