பின் டிரெயின் முதல்

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் பிக்கப் புறப்பட்டால் மட்டக்குளி வரைக்கும் உள்ள நாய்களெல்லாம் தலை தூக்கிப் பதில் ஊளையிடும். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் டிபரன்ஷல் என்கிற பற்சக்கரப் பெட்டிக்குள்தான் அந்தச் சத்தம் குடியிருந்தது. பதினொரு வருடமாக ஒயில் மாற்றாத குடியிருப்பு. ஒருமுறை அதைக் கேட்டுப் புயல் வருகுதென்று துறைமுகத்தில் ஒரு கப்பல் இரண்டாவது நங்கூரத்தையும் இறக்கியதாம். அங்கே கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒஸ்வால்டே சொன்னது. அவர் பொய் சொல்லமாட்டார், கொஞ்சம் ஊதிச் சொல்வார்.

அந்தப் பிக்கப் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வவுனியாவில் நிற்க வேண்டும். தெகிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்த மறு வருடம் அது. ஒஸ்வால்டின் தங்கை பிறிஜெற் வன்னியிலிருந்து கடந்து வந்து வவுனியா முகாம் ஒன்றில் கிடந்தாள். முள்ளந்தண்டில் ஷெல் துண்டு, உட்கார முடியாது, படுத்தபடிதான். கூடப் பிறந்தவர் நேரில் வந்து கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்தால் கொழும்புக்கு விடுவார்கள். சனிக்கிழமை நாலு மணி தாண்டினால் பாஸ் முடிந்தது, வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். வாடகை வான்காரர் ஒருவரும் வவுனியாவுக்கு முந்திய மதவாச்சிக்கு அங்கால் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே பிக்கப்பின் பின்பெட்டியில் மெத்தை விரித்துத் தங்கையைக் கொண்டுவருவது என்று ஒஸ்வால்ட் தீர்மானித்தார். முகாமிலிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் மூலம் பிறிஜெற் எழுதியிருந்தாள்: “அண்ணா, உங்கட வாகனம் இன்னும் ஊளையிடுதோ? ஊளையிட்டால் நல்லது. ஒரு மைல் கட்டைக்கு முன்னமே எனக்குக் கேக்கும்.”

ஆனால் அந்த ஊளையோடு நூற்றைம்பது மைல் போனால் பற்சக்கரம் குருநாகலிலேயே சோளப்பொரியாகிவிடும். வடக்கே போகிற வாகனம் என்று கேள்விப்பட்டதும் மருதானைக் கராஜ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மிஞ்சியவர் வெள்ளவத்தைச் சவுந்தரநாயகம். துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் கிறீஸில் குளித்தவர். வியாழன் காலை ஒஸ்வால்ட் அவருக்கு டெலிபோன் எடுத்தார்.

“மச்சான், நான் வரேலாது,” என்றார் சவுந்தரநாயகம். “போன மாசம் பொலிஸ் ரெண்டு தரம் கொண்டுபோய் வச்சிருந்தாங்கள். மனிசி கேற்றைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள்ள வச்சிருக்கிறா. அதை எடுக்கிற வயசு எனக்குப் போயிட்டுது. நீயே செய். சொல்லச் சொல்ல எழுது.”

ஒஸ்வால்ட் நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார். ஒயில் வடிகிற அடி மூடிக்குக் கராஜ் பாஷையில் டிரெயின் பிளக் என்று பெயர். பிளக்கையும் எழுதத் தாள் காணாது என்று அதை விட்டார். எழுதி முடித்ததும் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

டிரெயின் இரண்டு.
பின் டிரெயின் முதல்.
ஓடி வந்த சூட்டோடு செய்.
வெடிப்பு இருக்கோ பார்.
மேலால் வழிந்தால் சரி.

“வெடிப்பெண்டது மூடிக்கு அடியில இருக்கிற செப்பு வாஷர். வெடிச்சிருந்தா மாத்திப்போடு. புது ஒயில் மேல் வாயால வழிஞ்சா நிரம்பிட்டுது,” என்றார் சவுந்தரநாயகம். “கடைசியா ஒண்டு. ஒயில் விடுற மேல் மூடி கழருதோ எண்டு பாத்திட்டுத்தான் அடி மூடியில கை வை. இல்லாட்டி வடிச்சுப்போட்டு வாயைப் பிளந்துகொண்டு நிப்பாய்.”

“அது எனக்குத் தெரியாதோடா?” என்ற ஒஸ்வால்ட் அதை மட்டும் எழுதவில்லை. தெரிந்த விஷயத்தை எவன் எழுதுவான்?

தெருவில் இரண்டு சுற்று ஓட்டி, நாய்களின் வாழ்த்தைப் பெற்று, வாகனத்தை முற்றத்தில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் கல் வைத்து அடியில் நுழைந்தார். மனைவி ஐறீனின் நீலப் பேசன் டிபரன்ஷலுக்குக் கீழே போனது. பின் டிரெயின் முதல். மூடி கழன்றதும் கறுத்த கூழ் இறங்கிற்று. அதில் வெள்ளித் தூள் மின்னியது. ஒரு கலியாணச் சேலைக்குச் சரிகை போடலாம். கூடவே பழைய கியர் ஒயிலின் கந்தக நாற்றம். ஐறீன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“இஞ்சேருங்கோ, நரகத்தின்ர கதவைத் திறந்து விட்டனீங்களோ? ஃபாதர் பிரசங்கத்தில மணக்க மணக்கச் சொல்லேக்க நான் நம்பேல்ல.”

“வடியட்டும், ஐறீன். வியாதி வடியுது.”

பிறகு கியர்ப் பெட்டியின் டிரெயினையும் திறந்தார். இரண்டும் கடைசித் துளி வரை வடிந்தன. புதுச் செப்பு வாஷரோடு அடி மூடிகள் இறுகின. புது ஒயில் கலனை அருகே இழுத்து வைத்துக்கொண்டு டிபரன்ஷலின் மேல் மூடியில் ஸ்பானரைப் பூட்டித் திருகினார். ஸ்பானர் வழுக்கியது. முந்திய சொந்தக்காரன் உளியால் அடித்து அடித்து, ஆறு முனையுள்ள மூடியை நற்கருணை அப்பம் போல வட்டமாக்கி விட்டுப் போயிருந்தான். இன்னொரு தரம். ஸ்பானர் கழன்று அவர் நெற்றியில் ஆசீர்வாதம் செய்தது.

சவுந்தரநாயகத்தின் கடைசி வார்த்தை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டியில் இப்போது ஒரு சொட்டு ஒயில் இல்லை. விடுகிற வாயும் பூட்டு. இந்த நிலையில் தெரு முனைவரைக்கும் ஓட்ட முடியாது.

“மருதானைக்குப் போய் ஒரு பைப் ரென்ச் வாங்கிக்கொண்டு ஓடிவாறன்.”

“கையைக் கழுவிப்போட்டுப் போங்கோ!”

“வந்து கழுவுறன். எப்பிடியும் திரும்ப ஊத்தையாகப் போகுது.”

போகிற வழியில் காவலரண். பொலிஸ்காரன் ஒருவன் அடையாள அட்டையைப் பார்த்தான். கொட்டாஞ்சேனை, தமிழன். கையைப் பார்த்தான், முழங்கை வரை கறுப்பு. மோந்தும் பார்த்தான். “சார்ஜன்ட் மாத்தயா! கந்தகம்!” என்று சிங்களத்தில் கூவினான். சட்டைப் பையிலிருந்து தாள் வெளியே வந்தது.

சார்ஜன்ட் தமிழ் படித்தவர். மூன்று மாத வகுப்பில் சான்றிதழ் வாங்கி, அதை ஒருநாள் பாவிக்க வேண்டும் என்று காத்திருந்தவர். அவர் எழுத்துக் கூட்டினார். “டி… ரெ… யி… ன். ட்ரெயின் இரண்டு.” அவருடைய முகம் வெளுத்தது. “பின் ட்ரெயின் முதல். வெடிப்பு இருக்கோ பார்.”

“சேர், ட்ரெயின் இல்ல. ட்ரெயின்!” என்றார் ஒஸ்வால்ட்.

“நானும் அதான் சொல்றன். ட்ரெயின்.”

“ஐயோ சேர், அந்த ட்ரெயின் இல்ல, இது ட்ரெயின்! ஒயில் வடியிற ட்ரெயின்!”

ஒரே எழுத்து, ஒரே வாய். தொண்டை கிழிய எத்தனை விதமாக அழுத்தினாலும் அவருடைய நாக்கிலிருந்து ரயில்தான் புறப்பட்டது. இருபது தரம் சொன்னார். இருபது ரயில் போயிற்று.

“சேர், ஓடுற ட்ரெயினை எங்கட ஆக்கள் ட்ரெயின் எண்டு சொல்லுறேல்ல. கோச்சி எண்டுதான் சொல்லுறது. நீங்களும் கோச்சி எண்டுதானே சொல்லுறனீங்கள்?”

“நான் படிச்ச புத்தகத்தில கோச்சி இல்ல.”

ஒஸ்வால்ட் பேனையை வாங்கி ஆங்கிலத்தில் ‘drain’ என்று, முதல் ‘D’ எழுத்தைத் தேங்காய்ப் பாதி அளவுக்குப் போட்டு எழுதிக் காட்டினார். சார்ஜன்ட் அதை நிதானமாகப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. தேநீர்கூட வாங்கித் தந்தார்.

“இது இப்ப எழுதினது,” என்றார். “அப்ப எழுதினதில அந்த எழுத்து எங்க?”

ஒஸ்வால்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

முடிவு சொல்ல வேண்டிய பெரியவர் திங்கட்கிழமைதான் வருவார், அதுவரைக்கும் உள்ளேதான் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஐறீன் பங்குத்தந்தையின் கடிதத்தோடும் பிறிஜெற்றின் கடிதத்தோடும் காவல் நிலைய வாசலில் நின்றாள். நீலப் பேசனையும் சாட்சிக்குக் கொண்டு வந்திருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒஸ்வால்ட்.

“நீ போய்க் கையெழுத்து வையன், ஐறீன்.”

“கேட்டனான். மச்சாள் சரிவராதாம். கூடப் பிறந்த ஆள்தானாம்.”

ஐறீன் நீலப் பேசனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை அறைச் சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வவுனியாவுக்கு நடந்தே போய் வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் எடுத்தது. நாலாவது அடிக்குப் பிறகு ஒஸ்வால்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கள் காலை பெரியவர் வந்தார். தாளைப் பார்த்தார், பொலிஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். மெக்கானிக் வயிறு குலுங்கச் சிரித்தான். நிலையமே சிரித்தது. சார்ஜன்ட் வெட்கத்தோடு வந்து தாளைத் திருப்பிக் கொடுத்தார். முதல் எழுத்தின் மேலே சிவப்பு மையில், ஆங்கில ‘D’யை அழகாகப் போட்டிருந்தார்.

“இனி ஒருத்தரும் பிழையா வாசிக்க மாட்டாங்க,” என்றார்.

வீட்டு முற்றத்தில், பிக்கப்பின் மட்காட்டில் சாய்ந்தபடி சவுந்தரநாயகம். ஒஸ்வால்ட் பிடிபட்ட செய்தி கேட்டு, வெள்ளிக்கிழமையே மனைவியின் திறப்பைப் பறித்துக்கொண்டு, நாலு காவலரண் தாண்டிப் பஸ்ஸில் வந்திருந்தார்.

“மூடி என்ன பெரிய மூடி?” என்றார், ஒஸ்வால்டின் முகத்தைப் பாராமல். “சுத்தியலால ஒரு தட்டு, உளியால ஒரு தள்ளு. கழண்டுட்டுது. தொண்ணூறு வேண்டாமெண்டு நூற்றுநாற்பது நம்பர்த் தடிச்ச ஒயில் விட்டனான். சத்தமே இல்ல மச்சான். ஓடிப் பாத்தனான், பஞ்சில போற மாதிரி.”

“வவுனியாவிலயிருந்து சேதி ஏதும்?” என்று கேட்டார் ஒஸ்வால்ட்.

ஐறீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நேற்று சிஸ்டர் போன் எடுத்தவ. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு லொறியில ஏத்திப்போட்டாங்களாம். ஓமந்தைக்கு அங்கால, திரும்ப வன்னிக்கு.”

“ஒண்டும் சொல்லிவிடேல்லையோ?”

ஐறீன் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். “காலமையிலயிருந்து ஜன்னல் பக்கமாத்தான் படுத்திருந்தவவாம். ஒருத்தரையும் கதைக்க விடேல்லையாம். ‘சத்தம் போடாதேங்கோ, அண்ணன்ர வாகனம் வாறது எனக்குக் கேக்க வேணும்’ எண்டாவாம்.”

ஒஸ்வால்ட் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். பின்பெட்டியில் மெத்தை விரித்தபடியே கிடந்தது. எஞ்சினைக் கிளப்பி, கியர் போட்டு, கேற்றைத் தாண்டித் தெருவில் விட்டார். முனை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். பெட்டிக் கடை வாசலில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. கையெட்டும் தூரத்தில் பிக்கப் கடந்து போயிற்று.

ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.