நிழல் சேராத கணக்கு

சூரியகாந்தி வருகிற நாட்களில்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் கணவனும் மனைவியும் முன்னறையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். அவள் கட்டடங்களை வரைவாள். அவற்றுக்கு எவ்வளவு பெரிய ஏசி வேண்டும் என்று அவன் கணக்குப் போடுவான். மதியச் சாப்பாடு வரை விசிறியின் சத்தம் மட்டும்தான். அந்த அமைதி தங்கள் இருவருக்கு மட்டுமே சொந்தமான ஏதோ ஒன்று என்று அவன் வெகுகாலம் நினைத்திருந்தான்.

அந்த ஆள் வர ஆரம்பித்த பிறகுதான், அது பேச ஒன்றுமில்லாத அமைதியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

அந்த ஆளின் தொழில் வெளிச்சம். எந்த மாதத்தில் எந்த நேரத்து வெயில் எந்த ஜன்னலில் விழும், வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் எப்படி உள்ளே வாங்குவது என்று ஆலோசனை சொல்கிறவர். மனைவியோடு கல்லூரியில் படித்தவர். பேசிக்கொண்டே வெயில் பக்கம் திரும்பிவிடுவார் என்பதால் அவருக்குச் சூரியகாந்தி என்று பெயர் வைத்தவள் மனைவியின் தங்கை. அவளும் அதே அறையில் மூலையில் உட்கார்ந்து, அக்காவின் படங்களைக் கணினியில் ஏற்றுகிறவள்.

"லூசு மாதிரி பேசாதடா. மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்க மாட்டேன்," என்றாள் மனைவி.

"யாரு வைக்கச் சொன்னா? படிக்கட்டு, கழிப்பறை எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளிடு. சாயங்கால வெயிலை அதுங்க வாங்கிக்கட்டும். ஆளுங்க உட்கார்ற இடமெல்லாம் வடக்குலயும் தெற்குலயும்."

"அதை நான் போன வாரமே வரைஞ்சாச்சு. கண்ணைத் திறந்து பாரு."

"பார்த்தேன். நீ கத்துறதைக் கேட்டு நாளாச்சேன்னுதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் மேசையில் அவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்கிறாள். ஒரு தடவைகூட லூசு என்றதில்லை. அது ஒரு குறையாகப் படும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

அப்போது அவள் வரைந்துகொண்டிருந்தது மருந்துக் கம்பெனி ஒன்றின் அலுவலகம். நான்கு மாடி. எந்த மேசையும் ஜன்னலுக்கு ரொம்பத் தள்ளிப் போகாதபடி, கட்டடத்தை ஒல்லியாக, கிழக்கு மேற்காக நீட்டியிருந்தாள். கையால் திறக்கிற ஜன்னல்கள், தலைக்கு மேல் விசிறிகள். தெற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல் தரும் பலகைகள். உள்ளே, ஜன்னலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே, நீளமாக ஒரு வெள்ளைத் தட்டு. அதில் படுகிற வெளிச்சம் கூரைக்கு எகிறி, அங்கிருந்து அறையின் நடுவரை இறங்கும். பலகையும் தட்டும் அந்த ஆளின் யோசனை. பகலில் விளக்கு வேண்டாம் என்றால் சூடு குறையும். சூடு குறைந்தால் ஏசி சின்னதாகும். கட்டடம் எவ்வளவு நன்றாக வருகிறதோ, அவனுக்கு அவ்வளவு வேலை குறைவு. இத்தனை வருஷம் இதை அவன் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தான்.

ஒரு மாடியை மட்டும் அட்டையில் செய்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு நேராக வைத்தார்கள்.

"அத்தான், மேல வாங்க. படம் ஓட்டுறாங்க," என்று தங்கை வந்து கூப்பிட்டாள்.

அட்டையின் ஒரு முனையில் கண் வைக்க ஒரு துளை. மனைவி பார்த்துவிட்டு விலக, சூரியகாந்தி குனிந்தார். அவர் விலக, மறுபடி அவள். தலைகள் உரசவில்லை. உரசாமல் அவ்வளவு பழக்கமாக மாறிக்கொண்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் அவனும் குனிந்தான். தீப்பெட்டி அளவு மேசைகள். அவற்றின் மேலே, ஈரத்துணியால் அப்போதுதான் துடைத்ததுபோலக் கூரை மின்னியது. கடைசி மேசைகூட இருட்டில் இல்லை. நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை.

"எப்படி சார்?" என்றார் சூரியகாந்தி.

"அட்டைக்குள்ள நல்லாத்தான் இருக்கு."

"அக்கா, முதல்ல அத்தானுக்கு எத்தனை டன் ஏசி வேணும்னு பாரு. ஆள் கொதிக்கிறாரு," என்றாள் தங்கை. சூரியகாந்தி சிரித்தார். மனைவி மறுபடி துளைக்குக் குனிந்துவிட்டிருந்தாள். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

அன்று மதியம் அவன் கணக்கில் உட்கார்ந்தான். தெற்கு ஜன்னல்கள் வந்தபோது, வெளியே நிழல் இல்லை என்று போட்டான். அவ்வளவுதான் செய்தான். அந்த ஆளின் பலகைகள் உலகத்திலேயே இல்லாததுபோல் கணக்கு ஓடியது. வெயில் முழுக்க உள்ளே வந்தது, ஏசி பெருத்தது, குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் பருத்தன. குழாய் பருத்தால் அதை மறைக்கிற ஃபால்ஸ் சீலிங் இறங்கும். இறங்கினால் அந்த வெள்ளைத் தட்டுக்கு மேலே வெளிச்சம் எகிற இடம் இருக்காது. இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பலகைகள் காற்றில் பிடுங்கிக்கொண்டு போகலாம், செலவைக் குறைக்கக் கம்பெனிக்காரர்கள் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள் என்றெல்லாம் பதில்கள் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கட்டும். கத்தட்டும். மேசையைத் தட்டி, இது எப்படி என்று ஒரு தடவை அவனிடமும் சண்டைக்கு வரட்டும்.

"குழாய் ஒன்றரை அடி வேணும்," என்றான்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். பென்சிலை எடுத்தாள், வைத்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, முடியாமல் விட்டார்கள்.

"சரி," என்றாள்.

வெள்ளைத் தட்டை அழித்தாள். நான்கு மாடியிலும்.

பிறகு ஃபோனை மேசையில் வைத்துச் சூரியகாந்தியைக் கூப்பிட்டாள். அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ஒன்றரை அடியா? எப்படி வரும்? மாடி உயரத்தைக் கூட்டேன்."

"அனுமதிச்ச உயரத்தைத் தொட்டாச்சு."

"அவர் கணக்கை நீ பார்த்தியா?"

"அதை நான் எதுக்குப் பார்க்கணும்?"

"என் கணக்கை மட்டும் வரிவரியா நோண்டுறியே."

"உன்னை நம்ப முடியாது, நோண்டுறேன். அவர் சொன்னா சொன்னதுதான். நாளைக்குக் காலைல படத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கணும். வைடா."

அவள் எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறந்த சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் உருளவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தட்டு போய்விட்டது, இனி அந்த ஆளுக்கு இங்கே வர வேலையில்லை. அந்த நினைப்பு இனித்தது. இனித்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. அந்த மாடிகளில் நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவன் சொன்னான் என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருப்பாள்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தபோது சொன்னான்.

"அந்தக் கணக்குல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"நிழலைச் சேர்க்கல. வெளிப்பலகையே இல்லாத மாதிரி போட்டுட்டேன். சேர்த்தா முக்கால் அடி போதும். ரெண்டு பீமுக்கு நடுவுலயே போயிடும். சீலிங் இறக்க வேண்டாம்."

மூலையில் தங்கை தட்டச்சுவதை நிறுத்தினாள்.

"மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே அதை எடுத்துக் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

"இல்ல."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, நான்கு மாடியிலும் தட்டைத் திரும்ப வரைந்தாள். சூரியகாந்தியைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாரு. தட்டு இருக்கும்."

"அப்படிப் போடு! உன் வீட்டுக்காரர் தங்கம். நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன்," என்று வைத்தாள். சொல்லவில்லை.

அதன் பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். அவன் பக்கத்தில், தோள் இடிக்கிற நெருக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் வரியிலேர்ந்து காட்டுங்க."

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"காட்டுங்க."

காட்டினான்.

"முதல் மாடில எண்பது பேரா? நான் அறுபது மேசைதானே போட்டிருக்கேன்?"

"கூட்டத்துக்கு வெளியாட்கள் வருவாங்கன்னு..."

"எத்தனை பேர்னு யாரு சொன்னா?"

"கம்பெனில சொன்னாங்க."

"யாருன்னு சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

அவன் ஒரு பெயரைச் சொன்னான். அவள் குறித்துக்கொண்டாள். அடுத்த வரிக்கும் கேட்டாள், அதற்கடுத்த வரிக்கும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் உண்மையான பதிலைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது," என்றாள்.