ஆறு காய்ச்சல் கடிதங்கள்

“கையெழுத்தைப் போடு மங்கம்மா. இன்னும் ரெண்டு வீடு போகணும்.”

டோரதி டீச்சர் வாசலிலேயே நின்று தாளை நீட்டினாள். அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. மங்கம்மா திருவொற்றியூர்த் தெருக்களைப் பெருக்கிவிட்டு அப்போதுதான் குடியிருப்புக்குத் திரும்பியிருந்தாள். இன்னும் கையைக்கூடக் கழுவவில்லை.

“இன்னாது மிஸ்ஸு இது?”

“லீவ் லெட்டர். நாளைக்கு எட்டாவதுக்கு வெளியாளுங்க வந்து பரீட்சை வைக்கிறாங்க. மோனிஷா வர வேணாம்.”

மோனிஷா அம்மாவின் கையிலிருந்து தாளை வாங்கி உரக்கப் படித்தாள். “என் மகள் கடுமையான காய்ச்சலால் அவதிப்படுவதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” எங்கும் திக்கவில்லை.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா படிக்கிறியே. யாருடி சொல்லிக் குடுத்தா?”

“நானே படிச்சேன் மிஸ். நீங்கதான் கடைசி பெஞ்சாண்ட வந்ததே இல்லியே.”

“வாயி மட்டும் கீது இவளுக்கு” என்று மங்கம்மா மகளின் தலையில் தட்டினாள். பிறகு டீச்சரிடம் கேட்டாள்: “எந்தெந்த வூட்டுக்கு மிஸ்ஸு இந்த லெட்டரு?”

டீச்சர் மீதிக் கடிதங்களைப் பைக்குள் தள்ளினாள். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். இந்தத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஆறு பேர். கடிதங்களும் ஆறு. யாருக்குப் படிக்க வரும், யாருக்கு வராது என்று அவள் சோதித்ததில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதிய கட்டத்தைப் பார்த்துப் பிரித்துவிட்டாள். வருடா வருடம் அப்படித்தான். வராதவர்கள் சராசரியில் சேரமாட்டார்கள்.

“புரிஞ்சிக்கோ மங்கம்மா. போன வருஷம் மண்டலத்துலயே நம்ம ஸ்கூல்தான் கடைசி. இந்தத் தடவையும் சறுக்கினா மூடிடுவாங்க. அப்புறம் எல்லாப் பிள்ளைங்களும் கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ரோடு தாண்டி அந்தாண்ட ஸ்கூலுக்குப் போகணும். எனக்காகவா அலையறேன்?”

அது பொய்யில்லை. முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். புடவை வியர்வையில் நனைந்து கிடந்தது.

“ஊரு குப்பைய நாங்க வாரணும். உங்க ஸ்கூலு மானத்துக்கும் நாங்கதான் வூட்ல குந்திகினு இருக்கணுமா?” மங்கம்மா மகளிடமிருந்து தாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். “ஜுரம் வந்தா சொல்லி அனுப்பறேன். போய்ட்டு வாங்க மிஸ்ஸு.”

மற்ற ஐந்து வீடுகளிலும் கையெழுத்து விழுந்தது. மறுநாள் மோனிஷா மட்டும் போனாள். பரீட்சை வைக்க வந்த அதிகாரி முன்னால் டீச்சரால் அவளைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பள்ளி தப்பித்தது. சாதிவாரி அட்டவணையில் பட்டியல் சாதி வரிசை இப்படி இருந்தது: தேர்வெழுதியவர் ஒருவர், தேர்ச்சி நூறு சதவீதம். மண்டலத்தில் வேறெந்தப் பள்ளியிலும் இப்படி இல்லை. விளிம்பில் கிடந்த பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டதற்காக பள்ளியிலேயே விழா வைத்து டோரதி டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் தலை நிமிரவில்லை.

படம் எடுக்க மோனிஷாவையும் மேடையில் நிறுத்தினார்கள். அதிகாரி மைக்கை நீட்டினார். “ரெண்டு வார்த்தை பேசும்மா.”

“எங்க குவார்ட்டர்ஸ்ல ஆறு பேரு சார். மத்த அஞ்சு பேரும் தோ, கீழ குந்திகினு கீறாங்கோ. ஒருத்தருக்கும் அன்னிக்கு ஜுரம் இல்ல. அவுங்களுக்கு எப்போ சார் பரீட்சை வெப்பீங்க?”

அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார். சிரித்தார். குழந்தைக்கு எல்லோரும் கைதட்டுங்கள் என்றார்.

தட்டினார்கள். அந்த ஐந்து பேரும் தட்டினார்கள்.