டாரினை நான் பார்த்த இடம்

டன்னவே ஏரியில் எவனும் எவனிடமும் மீன் பிடித்த இடத்தைச் சரியாகச் சொல்ல மாட்டான். கூடப் பிறந்த தம்பி கேட்டாலும் சொல்ல மாட்டான். பாலத்துக்குத் தெற்கே பிடித்திருந்தால் வடக்கே என்பான். இருபத்தைந்து அடி ஆழத்தில் பிடித்திருந்தால் கரையோரப் புல்லில் என்பான். இதை இங்கே யாரும் பொய் என்றே நினைப்பதில்லை. கேட்கிறவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். இருபத்திரண்டு வருடமாக இந்த ஏரியில் ஆட்களைப் படகில் ஏற்றிப் பாஸ் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவன் நான். என் வாய்க்கு இந்த விஷயத்தில் என் அனுமதி தேவையில்லை. அதுவாகவே பேசிவிடும்.

போன ஜனவரியில், கை விரல் மரத்துப்போகிற குளிரில், பன்னிரண்டு சீடர் மரங்களை வெட்டி, ஹாலோ பிளாக் கல்லோடு கம்பி போட்டுக் கட்டி, தனி ஆளாகத் தண்ணீரில் இறக்கினேன். அணை கட்டுமுன் ஆறு ஓடிய பள்ளத்தின் விளிம்பு அது. மேலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான், ஓர் அடையாளமும் கிடையாது. ஜூலை பிறந்து ஏரி வெந்நீர் அண்டா மாதிரி ஆனதும், பெரிய பாஸெல்லாம் கரையை விட்டுவிட்டு அந்த மரங்களுக்குள் போய் நிழலில் நிற்கும். கோடை முழுக்க என் பிழைப்பு அந்தக் குவியலில்தான் ஓடுகிறது. அதன் இடம் என் படகின் திரையிலும் என் மண்டையிலும் தவிர வேறெங்கும் இல்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு அதன் நேர்மேலே ஒருவன் படகை நிறுத்தியிருந்தான். டாரின் ஸ்டான்சில், முப்பது வயதிருக்கும், பக்கத்து மாவட்டத்துக்காரன். தண்ணீருக்கு அடியில் கிடப்பதையெல்லாம் திரையில் காட்டும் புது சோனார் ஒன்றை வாங்கி முன்னால் மாட்டிவிட்டால் போதும், நான் குளிரில் செத்துச் செத்துப் போட்டதை இவன்கள் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவான்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். மிதவைச் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டிருந்தான், அவ்வளவு புழுக்கம். நான் கையசைக்கவில்லை. நாசமாய்ப் போ என்று முனகிவிட்டுப் படகைத் திருப்பினேன். அன்று என் படகில் வேறு யாரும் இல்லை.

மதியம் அவன் படகு மட்டும் கரையோரப் பூங்காவுக்குக் கீழே நாணல் புதரில் முட்டிக்கொண்டு நின்றது. தூண்டில்கள் எல்லாம் தளத்தில் இருந்தன. ஆளைக் காணோம்.

படகுத்துறையில் ஷெரிப் அலுவலகத்து பீஸ்லி எங்களையெல்லாம் கூட்டி நிறுத்திக் கேட்டான். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என்னைச் சுற்றி, என்னைப் போலவே படகில் ஆள் கூட்டிப்போகிற ஏழு பேர் நின்றார்கள். என் முதுகுக்குப் பின்னாலேயே ட்ரேவிஸ் நின்றான். நான் எங்கே போனாலும் அரை மைல் பின்னால் படகை ஓட்டிக்கொண்டு வருகிற பிறவி அவன்.

"காலைல யாராச்சும் அந்தப் பையனப் பாத்தீங்களா?" என்றான் பீஸ்லி.

"நான் பாத்தேன்" என்றேன்.

"எங்கப்பா?"

"கோக்கர் ஓடை வந்து சேர்ற எடத்துல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. கோக்கர் ஓடைக்கும் என் மரக்குவியலுக்கும் நடுவே மூன்று மைல். அன்றைய காற்றுக்குப் படகு ஓடையிலிருந்தும் பூங்காவுக்கு வந்திருக்கலாம், குவியலிலிருந்தும் வந்திருக்கலாம். பீஸ்லி குறித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமே வண்டியில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். உள்ளதைச் சொன்னால் விடிந்ததும் முப்பது படகு என் மரத்து மேல் நிற்கும், ஒவ்வொரு படகின் திரையிலும் அது ஏறிவிடும், அதோடு என் கோடை முடிந்தது. போனை வைத்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன். அவன் மத்தியானத்துக்குள் எத்தனையோ இடம் மாறியிருப்பான் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் முக்குளிப்பவர்கள் கோக்கர் ஓடையில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இனி சொன்னால் போலீஸிடம் பொய் சொன்னவன் ஆவேன். அதற்கு மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

நாலாம் நாள் பர்மிங்ஹாமிலிருந்து வந்த இரண்டு பல் டாக்டர்களை அந்தக் குவியலுக்குக் கூட்டிப்போனேன். வெட்கமில்லாமல் போனேன். திரையில் மரங்களுக்கு நடுவே நீளமாக ஒன்று கிடந்தது. சுற்றிலும் மீன்கள் நகர்ந்தன, அது மட்டும் நகரவில்லை. ஏதோ கட்டை என்று சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு மரத்தையும் என் கையாலேயே கட்டியவன் நான். அதில் அப்படிக் கட்டை எதுவும் கிடையாது. டாக்டர்கள் பதினோரு மீன் பிடித்தார்கள், என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் தேடலை நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அவன் அப்பா போன் செய்தார்.

"அர்வல் ஸ்டான்சில் பேசறேன். கடைசியா என் பையனப் பாத்தது நீதானாமே. நாளைக்குக் காலைல என்னை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறியா?"

விடியும்போது துறைக்கு வரச் சொன்னேன்.

பத்தாம் நாள் விடியும்போது துறையில் காத்திருந்தார். எழுபது வயதிருக்கும், ஒடிசலான ஆள், முழுக்கைச் சட்டை, வெளுத்த தொப்பி. தன்னுடைய தூண்டில்கள் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். காகிதத்தில் சுற்றிய தக்காளி சாண்ட்விச் பொட்டலத்தை என் ஐஸ் பெட்டியில் வைத்தார்.

"லொரீன் குடுத்து விட்டா. உனக்கும் சேத்துதான்" என்றார். லொரீன் அவர் மனைவி.

"எதுக்கு மிஸ்டர் அர்வல், அவங்களுக்கு இந்த நேரத்துல சிரமம்."

"அவளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது, தம்பி. அவனோட நீலச் சட்டைய அஞ்சு தடவ இஸ்திரி போட்டுட்டா. அதைப் போட்டுத்தான் பொட்டில படுக்க வைக்கணுமாம். மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா போதும்ங்கறா. வேற ஒண்ணும் கேக்கல."

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைத் திறந்துவைத்து, ஊரே வரிசையில் வந்து முகம் பார்த்து, தூங்குகிற மாதிரியே இருக்கிறான் என்று நாலு பேர் சொன்னால்தான் அது சாவு. அப்போதுதான் பெற்றவள் அழுது முடிப்பாள். நான் படகைக் கிளப்பினேன்.

"அவனப் பாத்த எடத்துக்கு விடு" என்றார்.

கோக்கர் ஓடைக்கு விட்டேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஓடை முகத்தில் மோட்டாரை அணைத்ததும், அவர் எழுந்து படகின் முன்பக்கம் போய் நின்று, ரப்பர் புழுவை மாட்டிக் கரையைப் பார்த்து வீசினார். மெல்ல இழுத்தார், மறுபடி வீசினார். நல்ல கை. தொழில் தெரிந்தவர் வீச்சு அது. இந்த ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று அப்போதே தோன்றியது.

அரை மணி நேரம் அப்படியே போனது. ஒரு கடி இல்லை. அவர் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். திரையில் ஆழத்தைப் பார்த்தார். ஆறடி.

"இங்கதான் இருந்தானா?"

"இங்கதான்."

"எந்தப் பக்கம் வீசிட்டு இருந்தான்?"

"கரைப் பக்கம்."

அவர் தூண்டிலைச் சுருட்டி, கொக்கியைக் கம்பில் மாட்டிக் கீழே வைத்தார். அவசரமே இல்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என் பையன் ஒரு வேலைல ஆறு மாசம் சேந்தாப்புல நின்னது கெடையாது. கட்டினவளையும் வச்சுக் காப்பாத்தத் தெரியல. அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா ஜூலை மாசம் ஆறடிச் சேத்துத் தண்ணில பாஸுக்குத் தூண்டில் போடற அளவுக்கு அவன் முட்டாள் இல்ல. நீயும் இல்ல."

நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்பது வருஷமா நானும் இதே பொய்யத்தான் சொல்லிட்டு இருக்கேன். என் மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன், சர்ச் பாதிரியார்கிட்ட சொல்லியிருக்கேன். அதனால உன்னோட சண்டை போட வரல. எங்க பாத்தன்னு மட்டும் சொல்லிடு."

"பள்ளத்து விளிம்புல, மிஸ்டர் அர்வல். என் மரக்குவியல் ஒண்ணு இருக்கு."

"போ" என்றார்.

மூன்று மைலும் அவர் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி வந்தார். இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, முன்னாலுள்ள சின்ன மோட்டாரை இறக்கி, சோனாரைப் போட்டேன். மரங்கள் தெரிந்தன. மீன்கள் தெரிந்தன. அதுவும் தெரிந்தது, நாலாம் நாள் கிடந்த இடத்திலேயே.

அவர் திரைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். வெயிலுக்கு இரண்டு கையாலும் மறைப்புக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மரத்த எதால கட்டின?"

"கம்பியால."

"சட்டை அதுல மாட்டியிருக்கும். இல்லாட்டி இந்தச் சூட்டுக்கு மூணாம் நாளே மேல வந்திருப்பான்."

அது எனக்குத் தெரியாததா. அவர் வாயால் கேட்டபோது என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"அப்புறம் இங்க வந்தியா?"

"ஒரு தடவ வந்தேன். நாலாம் நாள்."

"மீன் கெடச்சுதா?"

"பதினொண்ணு."

அவர் தலையாட்டினார். துறையில் ஒருவன் தான் பிடித்ததைச் சொன்னால் மற்றவன் ஆட்டுவானே, அதே ஆட்டல்தான். பிறகு, "போன் போடு" என்றார்.

பீஸ்லி எடுத்தான். இடத்தின் எண்களைத் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று இருந்த எண்கள். அவன் திருப்பிப் படித்துச் சரிபார்த்தான்.

"நீ கோக்கர் ஓடைன்னு சொன்னியேடா" என்றான்.

"சொன்னேன்."

ஒரு மணி நேரத்துக்குள் முக்குளிப்பவர்களின் படகு வந்தது. பின்னாலேயே ஊர்ப் படகுகளும் வந்து சுற்றி நின்றன. ட்ரேவிஸும் வந்தான். என் இடத்தின் மேலேயே மிதந்துகொண்டிருந்தான், அவன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு இடத்தைக் குறித்துக்கொள்ளாமலே திரையை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பியை வெட்டி டாரினை எடுத்து மேலே கொண்டுவந்தார்கள். அர்வல் அந்தப் படகுக்கு மாறப் போனார். பீஸ்லி அவர் தோளைப் பிடித்தான்.

"வேணாம் மிஸ்டர் அர்வல். சட்டையும் வாட்சும் காட்டறோம். அது போதும்."

"பெத்தவன்யா நான்" என்றார் அவர். விட்டுவிட்டான்.

துணியை விலக்கிப் பார்த்தார். உடனே மூடவில்லை. பிறகு அவரே மூடி, ஓரத்தைச் செருகினார். பீஸ்லியிடம் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது.

"அணை தெறந்தப்போ தண்ணி அவன ஓடைலேருந்து இங்க இழுத்துட்டு வந்துடுச்சுன்னு எழுதிக்கோங்க."

"அது அப்படி இல்லீங்களே, சார்."

"லொரீன் காதுக்கு வேற எதுவும் போகக் கூடாது. உங்க காலப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

பீஸ்லி நோட்டை மூடினான். என் பக்கம் திரும்பி, "சாயங்காலம் ஆபீசுக்கு வா" என்றான். ராய்ஸ் என்று பேர் சொல்லிக்கூட அவன் என்னைக் கூப்பிடவில்லை.

அர்வல் என் படகுக்குத் திரும்பி வந்து போனை எடுத்தார்.

"கெடச்சுட்டான், லொரீன்" என்றார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கும் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தார். "ஆமா. நான் பாத்தேன். அவன்தான்... இல்லம்மா. சட்டைய மடிச்சு உள்ள வச்சுடு... இல்ல. பொட்டியத் தெறக்க முடியாது... முடியாதும்மா. மூஞ்சி இல்ல."

மறுபடி காத்திருந்தார்.

"தண்ணி இழுத்துட்டு வந்துடுச்சு. இங்க இருப்பான்னு யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. யார் மேலயும் தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

படகைத் துறைக்குக் கொண்டுவந்தேன். அவர் தூண்டில்களைத் தானே எடுத்துக்கொண்டார். சாண்ட்விச் பொட்டலத்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, பிரித்து, இரண்டில் ஒன்றை என் இருக்கையில் வைத்தார்.

"மிஸ்டர் அர்வல்" என்றேன்.

"உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காத" என்றார். "உண்மையச் சொன்னா அவ தெனமும் எழுந்து எண்ணுவா. மொத நாளே எடுத்திருந்தா மூஞ்சியப் பாத்திருப்பேன், ரெண்டாம் நாள் எடுத்திருந்தாலும் பாத்திருப்பேன்னு எண்ணிக்கிட்டே சாவா. அதுக்காகச் சொன்னேன்."

துறையின் பலகையில் ஏறி நின்று, வலிக்கும் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"ஒம்போது நாள், தம்பி. நீ எண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.